லூர் இருக்கட்டும், தண்ணீர் எப்படி?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: மீனை ஏமாற்றும் பொய் இரை இருக்கிறதே, அந்த லூரில் நல்லது எது? எந்த ஊர், ஆறா ஏரியா, காலையா மாலையா, கடல்நீர் ஏற்றமா வற்றமா, ஒரு வரி கிடையாது. மருந்துக்கடையில் போய் நின்று "நல்ல மாத்திரையாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்கிற மாதிரி. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து முதல் பதில்.

கொடுவா (சீ பாஸ்) மீனுக்கு பெஸ்ட் லூர் எது சார்? (கேளம்பாக்கம், எண்ணூர், இன்னும் பல ஊர்கள்)

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நாலு அங்குல சாஃப்ட் பிளாஸ்டிக், அதாவது ரப்பர் மாதிரி வளையும் மீன் பொம்மை, துடுப்பு மாதிரி வால் வைத்தது. அதற்கு 10 முதல் 15 கிராம் வரை ஜிக் ஹெட், அதாவது தலையில் ஈயம் வைத்த முள். இது எந்த ஆழத்துக்கும் போகும், பாலத்தடியிலும் போடலாம், அலையாத்திக் காட்டு ஓரத்திலும் போடலாம். அறுந்து போனாலும் வயிறு எரியாது.

ஆனால் வீசியதும் காபிக்கொட்டை அரைப்பது போல ரீலைச் சுற்றாதீர்கள். தரை தொடும் வரை இறங்க விடுங்கள். ராடு நுனியை ஒரு முழம் தூக்குங்கள், இரண்டு சுற்று சுற்றுங்கள், மறுபடி இறங்க விடுங்கள். பத்தில் ஏழு எட்டு முறை மீன் அடிப்பது அந்த இறக்கத்தில்தான். அப்போது கையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. தொய்ந்திருக்கும் தூண்டில் நரம்பு மட்டும் ஒரு துள்ளு துள்ளும். அதைப் பார்க்கத் தெரியாதவர் எத்தனை ஆயிரத்துக்கு லூர் வாங்கினாலும் ஒன்றுதான். மெதுவாக. மெதுவாக என்று நினைப்பதைவிட இன்னும் மெதுவாக.

எந்தக் கலர்? (புதுச்சேரி)

கலங்கல் நீரில் கறுப்பு அல்லது பளிச்சென்ற மஞ்சள் பச்சை. தெளிந்த நீரில் வெள்ளி. இரவில் கறுப்பு. கலர் பற்றி இவ்வளவுதான்.

மூன்று ஞாயிறாக ஆற்று முகத்துவாரத்துக்குப் போகிறேன். காலை 10 மணிக்கு ஆரம்பித்து ஒரு மணி வரை. முதல் வாரம் ஒன்று மாட்டியது. அடுத்த இரண்டு வாரமும் ஒன்றுமே இல்லை. லூரை மாற்ற வேண்டுமா? (கடலூர்)

கடிகாரத்தை மாற்றுங்கள். ஏற்றவற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏழு நாளைக்குக் கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது இந்த ஞாயிறு பத்து மணிக்குத் தண்ணீர் நிறைந்து நின்றால், அடுத்த ஞாயிறு அதே பத்து மணிக்கு வற்றிக் கிடக்கும். நீங்கள் அதே இடத்துக்குத்தான் போனீர்கள், தண்ணீர் அதே தண்ணீர் இல்லை. மூன்றாவது வாரம் ஏன் மாட்டவில்லை என்று கேட்பீர்கள். உச்சி வெயில், கரையில் ஆள் கூட்டம், எதுவாகவும் இருக்கலாம். மீனுக்கும் விருப்பு வெறுப்பு உண்டு.

நான் தேர்ந்தெடுக்கும் நேரம் வற்றம் தொடங்கி முதல் ஒன்றரை மணி நேரம். ஏற்றத்தில் சேற்றுத் திட்டுக்கும் வேர்களுக்கும் உள்ளே ஏறிய இறாலும் மடவைக் குஞ்சும் தண்ணீர் இறங்கும்போது வாய்க்கால் வழியாக வெளியே வந்தே தீர வேண்டும். கொடுவா அந்த வாய்க்கால் வாயில் ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கும். ஓட்டத்தை முட்டிக்கொண்டு நிற்காது, ஏதாவது ஒரு பாலத் தூண், கல், சாய்ந்த மரம் என்று மறைவு தேடி அதன் பின்னால் நிற்கும். லூரை அதன் தலைமேல் வீசாதீர்கள். ஓட்டத்தின் மேல்பக்கம் வீசி, தண்ணீரே கொண்டுபோய்க் கொடுக்கும்படி விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, முன்பும் எழுதியதுதான்: ஏற்றவற்ற அட்டவணை கடற்கரைக்கானது. ஆற்றுக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் போனால் நேரம் பிந்தும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிவிட்டால் உள்ளே ஏற்றமும் கிடையாது, வற்றமும் கிடையாது, அட்டவணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெறும் குளத்தில் வீசிக்கொண்டிருப்பீர்கள். வடகிழக்கு மழையில் முகம் உடைந்த பிறகு போங்கள்.

பாப்பரை "டப்" என்று அடிக்கிறது. இழுத்தால் லூர் மட்டும் பறந்து வருகிறது. (பழவேற்காடு)

பாப்பர் என்பது நீர்மேல் மிதந்து சத்தம் போடும் லூர். நீங்கள் மீன் அடிக்கும் சத்தத்துக்கு இழுக்கிறீர்கள். ஈரத்துணியைத் துவைகல்லில் அறைந்தது போல அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோருக்கும் கை துடிக்கும், எனக்கும்தான். கொடுவா கடிப்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. முதல் உறிஞ்சில் தவறினால் அங்கேயே நின்று இரண்டாவது முறை உறிஞ்சும், லூர் அங்கேயே இருந்தால். ராடில் கனம் தெரியும் வரை பொறுங்கள். தூண்டில் முள்ளையும் நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் மொட்டை, பதிந்து நின்றால் கூர்.

40 பவுண்டு பிரெய்டு போட்டும் அறுத்துக்கொண்டு போய்விட்டது. டூப்ளிகேட் நரம்பா? (தூத்துக்குடி)

நரம்பைத் திட்டாதீர்கள். லீடர், அதாவது நரம்புக்கும் லூருக்கும் நடுவே கட்டும் உரசல் தாங்கும் துண்டு, போட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை, போட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு. பிரெய்டு என்கிற பின்னல் நரம்பு இழுவை தாங்கும், உரசல் தாங்காது. 50 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர், இரண்டு மூன்று அடி. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை விரலுக்கும் நகத்துக்கும் நடுவே வைத்து உருவிப் பாருங்கள், சொரசொரப்பு தட்டினால் அந்த இடத்தில் வெட்டி மறுபடி முடிச்சுப் போடுங்கள். அறுத்தது கத்தியால் வெட்டியது போல் ஒரே வெட்டாக இருந்தால் அது கொடுவா இல்லை, பல்லால் வெட்டும் சீலா மீன். அதற்குக் கம்பி லீடர்தான்.

அமெரிக்க பாஸ் வீடியோக்கள் பார்த்து டெக்சாஸ் ரிக், ஸ்பின்னர்பெய்ட், ஃபிராக் எல்லாம் வாங்கினேன். நம்ம ஊர் சீ பாஸும் பாஸ்தானே? (திருச்சி)

பெயரில் மட்டும். அவர்களுடைய லார்ஜ்மவுத் பாஸ் நன்னீர் மீன், குடும்பமே வேறு. நம் கொடுவா கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே வாழ்கிறது, முட்டையிட உப்புத் தண்ணீருக்குப் போயாக வேண்டும். திருச்சியில் நீங்கள் அதைத் தேடுவதே வீண்.

வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம். அந்த பாஸ் நீர்ச்செடிக்குள் பதுங்கியிருந்து பாயும் பழக்கம் நம் விராலுக்கு அப்படியே உண்டு. அல்லியும் ஆகாயத்தாமரையும் மூடிய குளத்தில் அந்தத் தவளை பொம்மையை, ஃபிராக்கை, இலைமேல் ஏற்றி, ஓரத்தில் சறுக்கி விழ வையுங்கள். டெக்சாஸ் ரிக்கில் முள் ரப்பர் புழுவுக்குள் மறைந்திருப்பதால் கோரையில் சிக்காது. விரால் ஃபிராக்கைக் கவ்வினால் "ஒண்ணு, ரெண்டு" சொல்லி இழுங்கள். செக்கச்செவேலென்று குஞ்சுக்கூட்டம் மேலே மிதந்தால் வீசாமல் அடுத்த குளத்துக்கு நடங்கள். கீழே காவல் நிற்பது தாயும் தகப்பனும்.

டாலஸிலிருந்து எழுதுகிறேன். ஜூலையில் பாஸ் பிடிக்க டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரிக்குப் போகிறோம். என்ன கொண்டுபோவது?

இவர் இடமும் மாதமும் எழுதியிருக்கிறார், வாழ்க. வெளிச்சம் வருவதற்கு முன்னால் படகில் இருங்கள், சூரியன் ஏறும் வரை பாப்பரும் மற்ற மேல்நீர் லூர்களும். அதன் பிறகு மீன் ஆழத்துக்குப் போய்விடும். 15 முதல் 25 அடி ஆழத்தில் மேடு முனைகளைப் பார்த்து, கரோலினா ரிக்கில் (ஈயம் முன்னே, முள் சற்றுத் தள்ளிப் பின்னே) பத்து அங்குல ரப்பர் புழு, தரையோடு தரையாக உருட்டுங்கள். அந்த ஏரிக்குள் நின்றபடி செத்த மரங்கள் ஏராளம். 15 பவுண்டுக்குக் குறைந்த நரம்பு அங்கே ஆகாது.

டெக்சாஸ் மாநிலத்தின் மிகப் பெரிய பாஸ், 18.18 பவுண்டு, 1992-ல் அங்கேதான் பிடிபட்டது. அங்கே 16 முதல் 24 அங்குலம் வரையிலான பாஸைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று விதி. கிளம்பும் முன் அந்த வருடத்து விதியை ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள். ஏன் அப்படி ஒரு விதி என்று அடுத்த பதிலில் கொஞ்சம் புரியும்.

மீட்டர் சைஸ் கொடுவா பிடித்தால் போட்டோவுக்கு எப்படித் தூக்கினால் பெரிதாகத் தெரியும்? போட்டோ எடுத்துவிட்டு விட்டுவிடுவேன் சார், நான் கேட்ச் அண்ட் ரிலீஸ். (சென்னை)

இந்தக் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன், கோபம் ஆறட்டும் என்று.

தம்பி, நீங்கள் தூக்கப் போகும் மீட்டர் கொடுவா அநேகமாகப் பெண். இது ஆண், அது பெண் என்று பிறக்கும் மீன் இல்லை இது. முதலில் பெரும்பாலும் ஆணாகத்தான் வளரும். சில வருடம் ஆணாக இருந்துவிட்டு, 80, 90 சென்டிமீட்டர் தாண்டும் வாக்கில் பெண்ணாக மாறும். ஆறேழு வருடம் வலைக்கும் தூண்டிலுக்கும் தப்பினால்தான் ஒரு தாய். ஒரு தாய் வயிற்றில் முட்டை லட்சக்கணக்கில். டெக்சாஸில் 13 பவுண்டுக்கு மேல் பாஸ் பிடித்தால் குளிர்கால மாதங்களில் அரசே அதை உயிரோடு வாங்கிப்போய்க் குஞ்சு பொரிக்க வைக்கிறது. குயின்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கொடுவாவை வைத்துக்கொள்ளக் கூடாது. நம் கழிமுகத்தில் உங்கள் மீனை யாரும் வந்து அளக்கப் போவதில்லை. அதனால்தான் நீங்களே அளக்க வேண்டியிருக்கிறது.

சுமார் பதினைந்து வருடத்துக்கு முன் முட்டுக்காட்டில் எனக்கு ஒன்பது கிலோ ஒன்று வந்தது. வெயில் ஏறிவிட்டது. மணலில் போட்டேன், இரும்புக் கொக்கியை வாயில் மாட்டிச் செங்குத்தாகத் தூக்கினேன், நண்பர் ஒரு படம் எடுத்தார், கண்ணை மூடிவிட்டேன் என்று இன்னொன்று, பிறகு அவரும் பிடித்துக்கொண்டு ஒன்று. தண்ணீரில் விட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு போனது, கைதட்டினோம். மறுநாள் விடியற்காலை அதே மணல்திட்டில் வயிறு மேலாகக் கிடந்தது. வால் மேல்நுனியில் பழைய வெட்டு ஒன்று இருந்தது, அதை வைத்து அடையாளம் தெரிந்தது. ஒரு பக்கம் முழுக்க செதிலின் பளபளப்பு போய், மணல் ஒட்டிய இடமெல்லாம் சொரி பிடித்தது போல வெளுத்திருந்தது. கண்ணைக் காக்கை எடுத்திருந்தது. அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன, யாருக்கும் காட்டியதில்லை.

"வலைக்காரர் பிடித்துச் சந்தைக்குக் கொண்டுபோகிறாரே, அவரைக் கேட்டீர்களா?" என்று அடுத்த கடிதம் வரும். அவர் வீட்டு அடுப்பு அதில் எரிகிறது. உங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுது. சாப்பிட வேண்டுமா, ஒன்றரை இரண்டு கிலோ மீனாக ஒன்று எடுத்துப் போங்கள், குழம்புக்கு அதுதான் ருசியும். பெரிய கொடுவா சக்கை. அல்லது கடையில் வாங்குங்கள். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லேயே கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்துக் காட்டிவிட்டது, இன்று பண்ணை மீன் தாராளமாகக் கிடைக்கிறது.

விடுவதென்றால் ஒழுங்காக விடுங்கள். மூன்று முள் கொக்கிகளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போட்டு, அதன் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். தூக்கியே ஆக வேண்டும் என்றால் கையை நனைத்துக்கொண்டு, ஒரு கை தாடையில், ஒரு கை வயிற்றுக்கு அடியில், படுக்கை வசமாக. கேமராக்காரர் தயார் என்ற பிறகுதான் தூக்க வேண்டும், தூக்கிய பிறகு அவர் செல்போனைத் தேடக் கூடாது. நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எப்போது முட்டுகிறதோ அப்போது மீன் தண்ணீரில் இருக்க வேண்டும். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, அது தானாக உதறிக்கொண்டு போகும் வரை பிடித்திருங்கள். ஏப்ரல், மே மதியத்தில் பிடித்து விடும் விளையாட்டே வேண்டாம், சூடான தண்ணீரில் மீனுக்கு மூச்சுக்காற்று குறைவு.

பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் கேமராவை நோக்கிக் கையை நீட்டுங்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

பிச்சாவரத்தில் லூர் போடலாமா? (சிதம்பரம்)

அது வனத்துறைக் காடு. அவர்களிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை. சுற்றுலாப் படகில் உட்கார்ந்துகொண்டு ராடை நீட்டுவதை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்.

என் கணவரின் பெட்டியில் லூர் எண்ணினேன், 64 இருக்கின்றன. போன மாதம் மேலும் ஒன்பது வந்தது. ஒரு மனிதருக்கு எத்தனை தேவை? (நாகப்பட்டினம்)

ஏழு போதும் அம்மா. சாஃப்ட் பிளாஸ்டிக் மூன்று, ஆழத்துக்கு ஒரு மின்னோ (சின்ன மீன் வடிவ லூர்), ஆழமில்லாத இடத்துக்கு இன்னொன்று, ஒரு பாப்பர், ஒரு ஃபிராக். இந்தப் பக்கத்தை வெட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். என் பெட்டியில் எத்தனை என்று கேட்டு எழுதாதீர்கள், எங்கள் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வருகிறது.