13 வயதில் கொண்டுவராதீர்கள்

கேள்வி: கால்பந்து கிளப்புகள் வெளியூரிலிருந்து இளம் வீரர்களை அழைத்து வருவது சரியா? உள்ளூர்ப் பிள்ளைகளை வளர்த்தெடுக்க வேண்டாமா?

இதைக் கேட்டவர் அநேகமாக ஒரு பையனின் தகப்பனாராக இருக்க வேண்டும். மகனுக்கு ஏதோ ஓர் அகாடமியில் இடம் கிடைத்திருக்கும். அடுத்த சீசனில் வேறு மாநிலத்துப் பையன்கள் நாலைந்து பேர் ஹாஸ்டலில் வந்து இறங்கியிருப்பார்கள். அதன்பிறகு மகன் மேட்சுக்குப் போய்ச் சட்டையில் மண்ணே படாமல் வீடு திரும்பியிருப்பான். அப்படியில்லை என்றால் மன்னிக்கவும், ஆனால் வெறும் ரசிகராக இருப்பவர் "வளர்த்தெடுக்க வேண்டாமா" என்று இவ்வளவு ஆற்றாமையோடு கேட்டு நான் பார்த்ததில்லை. வடசென்னையில் பிறந்து, சென்னை லீக்கில் ஓர் அலுவலக அணிக்கு ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக ஆடி, அந்த ஆட்டத்தாலேயே வேலையும் பெற்று, இப்போது காலை வேளைகளில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இல்லையென்றால் படிப்பவர்களில் சிலர் என்னை மண்ணின் மைந்தர் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். மிசோரத்தின் ஜேஜே லால்பெக்லுவா 'சென்னையின் எஃப்.சி.' கிளப்புக்காக கோல் அடித்தபோதெல்லாம் நேரு ஸ்டேடியத்தில் தொண்டை கட்டும்வரை கத்தியவர்களில் நானும் ஒருவன். டேராடூனின் அனிருத் தாப்பாவும் மிசோரத்தின் ஜெர்ரி லால்ரின்சுவாலாவும் 2016இல் அந்த அணிக்கு வந்தபோது இருவருக்கும் 18 வயதுதான். ஜெர்ரி அந்த ஆண்டே ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடரின் வளர்ந்துவரும் வீரர் விருதை வாங்கினார். தாப்பா பின்னாளில் அணித்தலைவராகவும் உயர்ந்து 2023 வரை இங்கேயே ஆடினார். 2017-18 சீசனில் கோப்பையை வென்ற அணியில் இந்த மூவரோடு, வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷும் இருந்தார். ஒருவர் வந்ததால் இன்னொருவரின் பிழைப்பு கெட்டுவிடவில்லை. நம் ஆட்களும் வெளியூரில் போய் ஆடிப் பேர் வாங்கியவர்கள்தான்: ராமன் விஜயன் 1997-98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சினுக்காக ஆடி அதிக கோல் அடித்தவரானார். சென்னைப் பையனான நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் பரம எதிரியான மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றை கோலால்தான் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் பல ஆண்டு ஏக்கம் தீர்ந்தது. அவரைக் கொல்கத்தாவில் யாராவது "வெளியூர்க்காரன்" என்று சொல்லியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆகவே நான் ஊரைப் பார்ப்பதில்லை, வயதைப் பார்க்கிறேன். 18 வயது நிரம்பியவரை எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் அழைத்து வரட்டும். அது வேலைக்கு ஆள் எடுப்பது. 13, 14 வயதுப் பையனைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து ஹாஸ்டலில் போட்டு, அவனுக்காக உள்ளூர்ப் பையனைப் பெஞ்சில் உட்கார வைப்பது இருவரையும் ஒருசேரக் கெடுப்பது.

இதை நானாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றக் கூடாது என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால், எல்லையோரத்தில் வசித்தால் என்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. இந்த விதியை மீறியதற்காகத்தான் 2014இல் பார்சிலோனாவுக்கும் 2019இல் செல்சிக்கும் புதிய வீரர்களைச் சேர்க்கத் தடை விழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலேயே மாறலாம் என்றொரு சலுகை இருந்தது. பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து வெளியேறியதும், 2021 முதல் அந்நாட்டு கிளப்புகளுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. நம் நாட்டில் என்ன சிக்கல் என்றால், பார்சிலோனாவிலிருந்து லண்டனுக்கு உள்ள தூரத்தைவிட மிசோரத்தின் தலைநகர் ஐஸ்வாலிலிருந்து சென்னைக்கு உள்ள தூரம் அதிகம். மொழி, சாப்பாடு, வெயில் என்று எல்லாமே வேறு. ஆனால் இரண்டும் ஒரே நாட்டுக்குள் இருப்பதால் அந்த விதி இங்கே பொருந்தாது. 13 வயதுப் பையனுக்கு அந்த ரயில் பயணத்தில் எந்த தேசத்தின் எல்லையும் கண்ணில் படாது என்பது உண்மைதான், ஆனால் இறங்கும் இடத்தில் அவனோடு பேச ஆள் இருக்காது.

இனி என் கதைக்கு வருகிறேன். என்னிடம் ஆடிய ஒரு பையன், இடக்கால் ஆட்டக்காரன், ஆள் குள்ளம், ஆனால் பந்தோடு ஓடும்போது பின்னால் வருபவனால் தொட முடியாது. எங்கள் மைதானம் கட்டாந்தரை. வரும் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எங்கள் பையன்கள் பந்தை உள்ளங்காலால் மிதித்து நிறுத்திவிட்டு, அதன்பிறகுதான் தலையைத் தூக்கி அடுத்தவனைப் பார்ப்பார்கள். புல்தரையில் ஆடுபவர்கள் அப்படிச் செய்வதில்லை. பந்து வரும் முன்பே தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்த்து, உடலைப் பாதி திருப்பி வைத்துக்கொண்டு, பாதத்தின் உட்பக்கத்தால் வாங்கி, அதே அசைவில் முன்னே போய்விடுவார்கள். இடையில் உள்ள வித்தியாசம் அரை விநாடிதான்; அந்த அரை விநாடிக்குள் ஒரு டிஃபெண்டர் மேலே வந்து விழுந்துவிடுவார். பையனுக்கு ஒரு பெரிய கிளப்பின் 15 வயதுக்குட்பட்டோர் அணியில் இடம் கிடைத்தபோது, நான் அந்தப் பயிற்சியாளரிடம் இதைத்தான் சொல்லி அனுப்பினேன்: இவனுடைய முதல் தொடுதலை மாற்ற வேண்டும், அதற்குப் பல மாதங்கள் ஆகும், அதுவரை இவனை மேட்சில் இறக்கித் தப்பு செய்ய விடுங்கள். அவரும் தலையாட்டினார், அவர் நல்ல மனிதர்தான்.

முதல் சீசனில் அவன் ஆடினான். உள்ளங்கால் பழக்கம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. அடுத்த சீசனுக்கு முன் அந்த கிளப் ஏதோ ஓர் இளையோர் போட்டியில் மேலே வந்தாக வேண்டும் என்று முடிவெடுத்து, வடகிழக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பையன்களைக் கொண்டுவந்து ஹாஸ்டலில் சேர்த்தது. வந்தவர்களில் ஒருவனும் இடக்கால் விங்கர், எங்கள் பையனைப் போலவே மைதானத்தின் ஓரமாகப் பந்தோடு ஓடித் தாக்குபவன். நானே போய்ப் பார்த்தேன். பந்தை வாங்கித் திரும்புவதில் எங்கள் பையனைவிட அவன் நிச்சயமாகத் தேர்ந்தவன். அன்று இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் நானும் அவனைத்தான் இறக்கியிருப்பேன். அதன்பிறகு எங்கள் பையனுக்குக் கடைசிப் பத்து நிமிடம் என்றாயிற்று, பிறகு அதுவும் இல்லை. அவன் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர், ஒருநாள் மைதானத்துக்கு வந்து, "சார், பஸ்சுக்கும் பூட்சுக்கும் காசு குடுத்து அனுப்புறேன், இவன் போய் தண்ணி பாட்டில் தூக்கிட்டு வர்றான், இதுக்கு டியூஷனுக்காவது போகட்டுமா?" என்று கேட்டார். எனக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. பையன் கிளப்பை விட்டுவிட்டான். இப்போது தெரு டோர்னமென்ட்டுகளில் கெஸ்ட் பிளேயராக, கையில் கொடுக்கும் காசுக்கு ஆடுகிறான். பந்தை மறுபடியும் உள்ளங்காலால்தான் நிறுத்துகிறான்.

கதையின் மறுபாதியை யாரும் கேட்பதில்லை. அந்த ஹாஸ்டல் பையனை அதே சீசனின் கடைசியில், மேட்ச் முடிந்த நேரத்தில் பார்த்தேன். மற்றவர்கள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் பூட்சின் அடிக்குமிழ்களில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டு, செல்போனில் வீட்டாரோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். அவனுக்கு இந்தியும் அரைகுறைதான். பள்ளியில் பெயர் இருக்கிறது, ஆனால் வகுப்பில் நடப்பது ஒன்றும் புரிவதில்லை என்ற அளவுக்குத் தெரிந்துகொண்டேன். அடுத்த ஆண்டு அவன் உயரம் போதவில்லை என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டு வேறு ஒருவனைக் கொண்டுவந்தார்கள். ஒரு விங்கர் இடத்துக்காக இரண்டு பையன்கள் போனார்கள், அந்த கிளப் எதிர்பார்த்த கோப்பையும் வரவில்லை.

"உங்கள் பையன்கள் தரமாக இருந்தால் வெளியே ஏன் போகப் போகிறோம்" என்று கிளப்காரர்கள் சொல்வார்கள். அதில் பாதி நியாயம் உண்டு, மறுப்பதற்கில்லை. மிசோரத்துப் பையன்கள் 13 வயதில் தேர்ந்தவர்களாக வருவது ரத்தத்தில் ஓடும் ஏதோ மாயத்தால் அல்ல. அங்கே ஊருக்கு ஊர் ஆட்டம் உண்டு, 2012 முதல் மாநிலத்துக்கென்றே பிரீமியர் லீக் உண்டு, பெரும்பாலும் அந்த மண்ணின் பையன்களை வைத்தே ஐஸ்வால் எஃப்.சி. 2016-17இல் தேசிய அளவிலான ஐ-லீக் கோப்பையை வென்றது. இங்கே 13 வயதுப் பையனுக்கு ஒழுங்கான லீக் மேட்ச் ஆண்டுக்கு எத்தனை கிடைக்கிறது என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மைதானம் என்று ஒன்று இருந்தால் அதில் முதல் உரிமை கிரிக்கெட்டுக்கு, அடுத்தது பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும். மிச்சம் இருக்கும் மூலை எங்களுக்கு. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் டர்ஃப்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன, அவற்றில் ஐ.டி. ஊழியர்கள் இரவு பத்து மணிக்கு வேர்வை சிந்துகிறார்கள்; எங்கள் பையன்கள் வலைக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். முன்பு ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையிலாவது தாய்மார்கள் பையனை மைதானத்துக்கு அனுப்பினார்கள். வங்கிகள் ஆட்டக்காரர்களை எடுப்பதைக் குறைத்தபிறகு அந்த நம்பிக்கையும் தேய்ந்துவிட்டது. இது கேள்விக்கு வெளியே போவதுபோல் தோன்றலாம், ஆனால் உள்ளூர்த் திறமை என்பது கிளப் வாசலில் தானாக வந்து நிற்பதில்லை.

கிளப்புகளை மட்டும் குறை சொல்ல முடியாததற்குப் பணக் காரணமும் உண்டு. ஒரு வீரர் பணத்துக்கு நாடு மாறும்போது, அந்தத் தொகையில் 5 விழுக்காடு 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும் என்று ஃபிஃபா விதி சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது முறையாகப் பதிவான கிளப்புக்குத்தான். 8 வயதில் செருப்பில்லாமல் வந்த பையனை 13 வயது வரை பார்த்துக்கொண்ட என் போன்றவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் கிடையாது. ஊர்ப் பையன்களை நம்பி நடக்கும் தெருக் குழுக்களுக்கு ஒரு ஜோடி வலை வாங்கக்கூட வழியில்லை. (எனக்குப் பணம் வேண்டும் என்று கேட்பதாக நினைக்க வேண்டாம். சம்பளம் வருகிறது, அது போதும். பந்து வாங்கத்தான் கேட்கிறேன்.) ஆயத்தமான பையன் இலவசமாகவோ சொற்பத் தொகைக்கோ கிடைக்கும் வரை, பல மாதங்கள் காத்திருந்து ஒருவனுடைய முதல் தொடுதலைத் திருத்துவதற்கு எந்த நிர்வாகிக்கும் பொறுமை இருக்காது.

பொறுமை இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19இல் ஐ-லீக் வென்றது. சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், முன்களத்தில் 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி, அவரோடு ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள். அவர்களைச் சுற்றி எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் போன்ற தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள். வெளியாட்கள் ஆட்டம் தெரிந்த பெரியவர்களாக வந்தார்கள், உள்ளூர் இளைஞர்கள் அவர்களோடு தினமும் ஆடி மெருகேறினார்கள். பிறகு ரொமாரியோ கோவாவுக்கும் எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கும் போனார்கள். அந்த கிளப் சில ஆண்டுகளிலேயே ஐ-லீக்கை விட்டு மறைந்துபோனது வேறு கதை; அதற்கும் இந்தக் கலவைக்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவு சொன்னபிறகும் ஒருவர் நிச்சயமாக "மெஸ்ஸி 13 வயதில்தானே பார்சிலோனாவுக்குப் போனார்" என்று கேட்பார். போனார், தகப்பனாரும் கூடவே போனார். வளர்ச்சிக் குறைபாட்டுக்கான சிகிச்சைச் செலவை கிளப் ஏற்றுக்கொண்டது. நம் ஹாஸ்டல் பையனுக்கு யார் கூட வந்தார்கள்? இன்னொருவர் ஸ்பெயின் வீரர் செஸ்க் ஃபாப்ரெகாசைக் காட்டுவார். அவர் 2003இல் 16 வயதில் பார்சிலோனாவை விட்டு லண்டனின் ஆர்சனலுக்கு வந்தார். ஐரோப்பியப் போட்டிகளில் 25 பேர் பட்டியலில் 8 பேர் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு; 15 முதல் 21 வயதுக்குள் மூன்று சீசன் அங்கே இருந்திருந்தால் போதும், எந்த நாட்டவராகவும் இருக்கலாம். எனவே அந்தக் கணக்கில் ஃபாப்ரெகாசும் ஆர்சனல் வளர்த்த பிள்ளைதான். உள்ளூர் வீரர்களைக் காக்கவென்று எழுதிய விதியே, சிறுவர்களை இன்னும் சீக்கிரமாகத் தூக்கிக்கொண்டு வரக் காரணமாகிவிடும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இங்கே யாராவது அப்படியொரு விதி கொண்டுவந்தால், எந்த வயதிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

கேட்டவர் உண்மையிலேயே தகப்பனார்தான் என்றால், கிளப்காரர்களிடம் வெளியூர்ப் பையன்களைப் பற்றிச் சண்டை பிடிக்க வேண்டாம். அந்தப் பையன்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். இந்த சீசனில் என் மகனுக்குக் குறைந்தது எத்தனை நிமிடம் ஆட்டம் கொடுப்பீர்கள், பெஞ்சில் இருக்கும் வாரங்களில் எந்தச் சிறிய கிளப்பில் ஆட அனுமதிப்பீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் பதிவை விடுவிக்கும் கடிதத்தை வாங்கிக்கொண்டு, சென்னை லீக்கின் கீழ்ப் பிரிவுகளில் ஆடும் ஏதாவது ஓர் அணியில் சேர்த்துவிடுங்கள். அங்கே டர்ஃப் இருக்காது, ஜெர்சி சாயம் போகும், ஆனால் முழு 90 நிமிடமும் ஆடுவான். கடிதத்தை சீசன் முடிவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள். முடிந்தபிறகு போனால் அலுவலகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.