ஸ்காட்லாந்து தனிநாடு ஆக வேண்டும் என்பவர்களின் வாதம் என்ன, வேண்டாம் என்பவர்களின் வாதம் என்ன?

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஸ்காட்லாந்து பிரிவது இன்னும் சுலபமாகிவிட்டதா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே எழுகிறது. பிரெக்ஸிட் பிரிய வேண்டிய காரணத்தைப் பலப்படுத்தியது. பிரியும் வழியை முன்பைவிடக் கரடுமுரடாக்கியது. இரண்டு தரப்புமே இதில் பாதியை மட்டும்தான் பேசுகின்றன.

முதலில் பின்னணி. 1707இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் நாடாளுமன்ற அளவில் இணைந்தன. ஸ்காட்லாந்தின் சட்டமுறையும் திருச்சபையும் தனியாகவே தொடர்ந்தன. 1999 முதல் எடின்பரோவில் 129 உறுப்பினர்கள் கொண்ட ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயங்குகிறது. மருத்துவம், கல்வி, காவல்துறை, வருமான வரியின் பெரும்பகுதி அதன் கையில். வெளியுறவு, பாதுகாப்பு, நாணயம், குடியேற்றம் ஆகியவை லண்டன் வசம். தனிநாடு வேண்டுமா என்று 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் 84.6% பேர் வாக்களித்தார்கள். 16 வயது நிரம்பியவர்களுக்கும் ஓட்டு இருந்தது. வேண்டாம் என்றவர்கள் 55.3%, வேண்டும் என்றவர்கள் 44.7%.

பிரிவினை தரப்பின் ஆக வலுவான வாதம் ஜனநாயகம் பற்றியது. ஸ்காட்லாந்தில் கன்சர்வேட்டிவ் தரப்பு கடைசியாகப் பெரும்பான்மை இடங்களை வென்றது 1955இல். அதற்குப் பின் அங்கே தோற்றுக்கொண்டே லண்டனில் பல முறை ஆட்சி அமைத்தார்கள். தாட்சர் காலத்துத் தலைவரி இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்னதாக, 1989இலேயே ஸ்காட்லாந்தில் அமலுக்கு வந்தது. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. 2016 வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தின் 62% பேர் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்தார்கள். 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றுகூட வெளியேறச் சொல்லவில்லை. ஆனாலும் வெளியேற வேண்டியதாயிற்று. 2014இல் "பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமை போய்விடும்" என்று எச்சரித்தது ஒன்றாக இருக்கச் சொன்ன தரப்பு. பிரியாமல் இருந்தும் அது போனது. 2023 ஜனவரியில், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாலின அங்கீகார மசோதாவை லண்டன் தடுத்தது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தை உருவாக்கிய 1998 சட்டத்தில், அதன் மசோதாவை லண்டன் தடுக்க வழி செய்யும் 35ஆம் பிரிவு பயன்படுத்தப்பட்டது அதுவே முதல் முறை. அந்த மசோதாவை ஆதரிக்காதவர்கள்கூட அதிகாரம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டார்கள்.

இதற்கு எதிர்த் தரப்பின் பதிலும் நியாயமானதே. ஸ்காட்லாந்து வாக்காளர்கள் லண்டன் நாடாளுமன்றத்துக்கும் உறுப்பினர்களை அனுப்புகிறார்கள். கார்டன் பிரவுன் போன்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் பிரதமராக இருந்திருக்கிறார்கள். தேர்தலில் தோற்பது அடிமைத்தனம் ஆகாது. "சின்ன நாடு தாங்காது" என்ற பேச்சை மட்டும் ஒதுக்கிவிடலாம். சுமார் 55 லட்சம் மக்கள்தொகை டென்மார்க், நார்வே, பின்லாந்து, அயர்லாந்து எல்லாவற்றோடும் ஒப்பிடத்தக்கதுதான்.

இனி பணக் கணக்கு. எதிர்த் தரப்பு நிமிர்ந்து நிற்கும் இடம் இது. ஸ்காட்லாந்து அரசே ஆண்டுதோறும் வெளியிடும் ஜெர்ஸ் என்ற வரவுசெலவுக் கணக்கின்படி 2023-24இல் பற்றாக்குறை 22.7 பில்லியன் பவுண்ட். வட கடல் எண்ணெய் வருவாயைச் சேர்த்தபிறகும் அது உள்நாட்டு உற்பத்தியில் 10.4%. அதே ஆண்டு பிரிட்டன் முழுமைக்கும் 4.5%. தலைக்கு ஆகும் அரசுச் செலவு பிரிட்டன் சராசரியைவிடச் சுமார் 2,400 பவுண்ட் அதிகம். பார்னெட் சூத்திரம் என்ற நிதிப் பங்கீட்டு முறை இதைத் தாங்கிப்பிடிக்கிறது.

இந்த எண்ணைப் படிக்கும்போது இரு பக்கமும் தவறு செய்கிறார்கள். இது பிரிட்டனுக்குள் இருக்கும் ஸ்காட்லாந்தின் கணக்கு. ராணுவச் செலவு, பழைய கடன் வட்டி இரண்டும் மக்கள்தொகை விகிதப்படி அதன் தலையில் எழுதப்படுகின்றன. தனிநாடு ஆனால் இரண்டும் மாறலாம். ஆகவே 10.4% என்பது தனிநாட்டின் முன்கணிப்பு என்று சொல்வது பிழை. ஆனால் "அது வெறும் கணக்குப் பித்தலாட்டம்" என்பது அதைவிடப் பெரிய பிழை. ஓய்வூதியம், மருத்துவமனை, பள்ளிக்கூடச் செலவுகள் முதல் நாளிலேயே அப்படியே தொடரும். ராணுவச் செலவை அயர்லாந்து அளவுக்கு வெட்டினாலும் பள்ளத்தில் ஒரு மூலைதான் நிரம்பும். மிச்சத்தை வரி உயர்வு, செலவுக் குறைப்பு, கடன் மூன்றில் ஏதோ ஒரு கலவையால்தான் அடைக்க வேண்டும்.

எண்ணெயை நம்பலாமா? தனிநாட்டுத் திட்டமாக ஸ்காட்லாந்து அரசு 2013 நவம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஒரு பீப்பாய் 110 டாலர் என்று வைத்து, 2016-17இல் 6.8 முதல் 7.9 பில்லியன் பவுண்ட் வரும் என்றது. வாக்கெடுப்பு முடிந்த சில மாதங்களிலேயே விலை சரிந்தது. 2015-16இல் ஸ்காட்லாந்தின் பங்கு சுமார் 60 மில்லியன் பவுண்ட் என்று கணக்கு வெளியானது. பின்னர் விலை ஏறியபோது வருவாயும் ஏறியது என்றாலும், இப்படிக் குதிக்கும் வருமானத்தை நம்பி ஓய்வூதியம் கொடுக்க முடியாது. நார்வே எண்ணெய்ப் பணத்தைத் தனி நிதியாகச் சேமித்தது. ஸ்காட்லாந்துக்கு அந்த வாய்ப்பு 1980களில் இருந்தது, அப்போது முடிவு லண்டன் கையில் இருந்தது. பிரிவினை தரப்பின் இந்தப் புகார் சரியானதே. ஆனால் போன பணத்தை வைத்து வரப்போகும் வரவுசெலவுத் திட்டத்தைப் போட முடியாது.

எல்லாவற்றையும்விடச் சிக்கலான முடிச்சு நாணயம். இதை அவிழ்க்காத எந்தத் திட்டமும் முழுமையாகாது. இன்று ஸ்காட்லாந்து வங்கிகள் மூன்று சொந்தமாகப் பவுண்ட் நோட்டு வெளியிடுகின்றன. அதனால் தனி நாணயம் ஏற்கனவே இருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த நோட்டுகளுக்கு ஈடாக, பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் பணம் வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால் அவை தனி நாணயம் ஆகாது. 2014இல் திட்டம், பவுண்டைப் பொது நாணயமாகப் பகிர்ந்துகொள்வது. வாக்கெடுப்புக்கு ஏழு மாதம் முன்பு பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் "முடியாது" என்றார், லேபரும் லிபரல் டெமாக்ரட்டும் அதையே சொன்னார்கள். மாற்றுத் திட்டம் என்ன என்ற கேள்விக்கு நேரடிப் பதில் வரவில்லை.

பின்னர் வந்த யோசனை, அனுமதி கேட்காமல் பவுண்டையே பயன்படுத்துவது, சூழ்நிலை அமைந்ததும் தனி ஸ்காட்டிஷ் பவுண்டுக்கு மாறுவது. அனுமதியில்லாமல் பயன்படுத்தச் சட்டத் தடை கிடையாது. ஈக்வடார் டாலரை வைத்து நடக்கிறது. ஆனால் வட்டி விகிதத்தை இங்கிலாந்து வங்கி தன் நாட்டுக்கு ஏற்றபடி வைக்கும். பணம் அச்சிட முடியாததால், வங்கி ஒன்று தடுமாறினால் கடைசியாகக் கைகொடுக்க ஆள் இல்லை. 2014 வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு பெரிய வங்கிகள், ஸ்காட்லாந்து பிரிந்தால் தங்கள் பதிவு அலுவலகத்தை இங்கிலாந்துக்கு மாற்றுவோம் என்று அறிவித்தது இதனால்தான்.

தனி நாணயத்துக்கு மாறினால் வேறொரு வில்லங்கம். வீட்டுக்கடன் பவுண்டில், சம்பளம் புதிய பணத்தில். புதிய பணம் 15% இறங்கினால் கடன் சுமை சுமார் 18% ஏறும். ஓய்வூதியச் சேமிப்பை லண்டன் நிறுவனங்களில் பவுண்டில் வைத்திருப்பவருக்கோ லாபம். எனவே முதலில் மத்திய வங்கி, பணம் செலுத்தும் கட்டமைப்பு, அந்நியச் செலாவணிக் கையிருப்பு, பிறகு ஒப்பந்தங்களை எந்தப் பணத்தில் தீர்ப்பது என்ற சட்டம் என்று வரிசையாகப் போக வேண்டும். வரிசை மாறினால் மக்கள் பணத்தை எல்லை தாண்டி மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

பிரெக்ஸிட் இங்கேதான் குறுக்கே வருகிறது. 2014இல் பிரிந்திருந்தால் இரு நாடுகளும் ஒரே ஐரோப்பிய சந்தைக்குள் இருந்திருக்கும், எல்லையில் சுங்கச்சாவடி தேவைப்பட்டிருக்காது. இப்போது ஸ்காட்லாந்து ஒன்றியத்தில் சேர்ந்தால், சுமார் 154 கிலோமீட்டர் நீள இங்கிலாந்து எல்லை ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி எல்லை ஆகும். 2019 கணக்குப்படி ஸ்காட்லாந்து தன் எல்லைக்கு வெளியே விற்றதில் சுமார் 60% பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கும், 19% ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் போனது. "பெரிய சந்தைக்கும் நமக்கும் நடுவில் சுவர் வைத்தால் நஷ்டம்" என்று பிரெக்ஸிட்டை விமர்சித்த அதே வாதம் இங்கே திரும்பிப் பாய்கிறது. ஆட்கள் போய்வரத் தடை இருக்காது. அயர்லாந்து போலப் பொதுப் பயணப் பகுதியில் தொடரலாம். சிக்கல் லாரிகளுக்குத்தான்.

ஸ்பெயின் தடுக்கும், யூரோவைத் திணிப்பார்கள் என்ற இரண்டு பயங்களும் மிகைப்படுத்தப்பட்டவை. லண்டன் சம்மதத்தோடு சட்டப்படி பிரிந்தால் எதிர்க்க மாட்டோம் என்று ஸ்பெயின் வெளியுறவு அமைச்சர் 2018இல் சொன்னார். 1995இல் சேர்ந்த ஸ்வீடன் இன்றும் க்ரோனாவில்தான் நடக்கிறது.

கால அளவைப் பற்றியும் கறாராகப் பேச வேண்டும். 2014இல் வென்றிருந்தால் 2016 மார்ச் 24 விடுதலை நாள் என்று குறித்திருந்தார்கள், 18 மாதம். ஐரோப்பிய ஒன்றியத்தோடு இருந்த 47 ஆண்டு உறவை முறிக்கவே பிரிட்டனுக்கு, வாக்கெடுப்பிலிருந்து இடைக்காலம் முடியும்வரை, நாலரை ஆண்டு ஆனது. இங்கே பிரிக்க வேண்டியது முந்நூறு ஆண்டு உறவு. ஓய்வூதியப் பொறுப்பு, கடன் பங்கு, ஸ்காட்லாந்தின் பாஸ்லேன் கடற்படைத் தளத்தில் உள்ள அணு ஏவுகணை நீர்மூழ்கிகளை எங்கே கொண்டுபோவது என்று ஒவ்வொன்றுமே பேரம்.

சட்ட வழி இப்போது ஒன்றே ஒன்று. 2014 வாக்கெடுப்புக்காக 2012இல் எடின்பரோ ஒப்பந்தம் செய்து, அதன்படி 1998 சட்டத்தின் 30ஆம் பிரிவு ஆணை மூலம் லண்டன் தற்காலிக அதிகாரம் தந்தது. அந்த ஆணை இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வாக்கெடுப்புச் சட்டம் இயற்ற முடியாது என்று 2022 நவம்பர் 23இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வட அயர்லாந்துக்கு 1998 அமைதி ஒப்பந்தத்தில், பிரிட்டனை விட்டுப் பிரிவது பற்றி எப்போது வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற நிபந்தனை எழுத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை. ஒன்றாக இருப்பது விருப்பத்தின் பேரில் என்று சொல்பவர்கள் வெளியே போகும் கதவு எங்கே என்று காட்ட வேண்டும் என்பது பிரிவினை தரப்பின் கேள்வி. லண்டனில் ஆட்சி செய்த கட்சிகள் அதற்கான விதி எதையும் எழுத்தில் தரவில்லை.