கேலிவேன்ட்: ஊர் சுற்றுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு பேச்சுச் சொல்

கேள்வி: சார், ‘கேலிவேன்ட்’ என்றால் ஊர் சுற்றுவதா, அலைவதா? கதையில் ஓர் அம்மா மகனைத் திட்டும்போது வருகிறது.

பதில்: ஊர் சுற்றுவது. ரேஷன் கார்டுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைகிறவரை இந்தச் சொல்லால் சொல்லவே கூடாது. போகிறவருக்கு அதில் சந்தோஷம் இருக்க வேண்டும். வேலையைப் போட்டுவிட்டுப் போனார் என்ற குறை, சொல்பவர் குரலில் இருக்கும். ‘வீட்டு வேலை அப்படியே கிடக்கு, நீ ஊர் சுத்திட்டு வர்றியா?’ அந்த அம்மா கேட்பது இதுதான்.

கேள்வி: எங்கிருந்து வந்த சொல்?

பதில்: ‘கேலன்ட்’ என்பதை விளையாட்டாக நீட்டியிருக்கலாம் என்கின்றன அகராதிகள். எழுத்தில் வந்தது 1800-களின் தொடக்கத்தில். கேலன்ட்டின் வேர் பழைய பிரெஞ்சின் ‘காலேர்’, அதாவது களித்திருத்தல். ‘காலா’ விருந்து என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். பகட்டாக உடுத்தி, பெண்களிடம் குழைந்து பேசும் இளைஞனைக் கேலன்ட் என்பார்கள். அதனால் கேலிவேன்ட்டும் முதலில் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து சுற்றுவதையே குறித்தது. இன்று அந்த வாடை பெரும்பாலும் போய்விட்டது. நம் ‘ஊர் மேயுறது’ என்ற வசவில் அது இன்னும் போகவில்லை. மொழிபெயர்க்கும்போது அதைப் போட்டுவிடாதீர்கள், அது சுடும். கேலிவேன்ட் செல்லக் கோபத்துக்கும் பொருந்தும்.

கேள்வி: ‘கேலிவேன்ட் லண்டன்’ என்று எழுதினேன், ஆசிரியர் அடித்துவிட்டார்.

பதில்: அடித்தது சரி. இது செயப்படுபொருள் குன்றிய வினை, ஊர்ப் பெயரை நேராக ஏற்காது. நடுவில் ‘அரவுண்ட்’ போடுங்கள்: ‘கேலிவேன்ட்டிங் அரவுண்ட் லண்டன்’. பெரும்பாலும் இப்படி ‘இங்’ சேர்ந்துதான் வரும். விடுப்புக் கடிதத்தில் மட்டும் வேண்டாம், பொறுப்பில்லாதவர் என்று படும்.

கேள்வி: ஒரு ‘எல்’லா, இரண்டா?

பதில்: இரண்டு, gallivant. ஒற்றை எல் வடிவமும் சில அகராதிகளில் உண்டு, தேர்வில் எழுத வேண்டாம்.

கேள்வி: ‘மோசி’ (mosey) என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதே பொருள்தானா? ஸ்பானிய ‘வாமோஸ்’தான் அப்படி ஆனது என்கிறார்களே?

பதில்: இல்லை. மோசி அவசரமில்லாமல் மெல்லப் போவது. இரண்டு தெரு தள்ளி டீக்கடைக்கு ஆற அமர நடந்தாலும் மோசிதான், குறை சொல்லும் தொனி கிடையாது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சில் பிறந்தது. ஆச்சரியம் என்னவென்றால், தொடக்கத்தில் அது சட்டென்று இடத்தைக் காலி செய்வதைக் குறித்தது! ‘போகலாம் வா’ என்ற பொருளுள்ள வாமோஸோடு முடிச்சுப் போட்டது அதனால்தான். அதற்குச் சான்று கிடையாது. ‘மூலம் தெரியவில்லை’ என்றுதான் அகராதிகள் போடுகின்றன, நீங்களும் அப்படியே எழுதுங்கள்.