அத்தை நடுவே வந்தாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் தம்பி சண்டையில் அத்தை நடுவே வருகிறாள். முதலில் அதற்கு இன்டர்வீன் என்று இருக்கிறது. இரண்டு பக்கம் தள்ளி, அதே செயலை இன்டர்ஃபியர் என்கிறது கதை. அகராதி இரண்டுக்கும் ‘தலையிடு’ என்கிறது. நானும் அப்படியே போட்டுவிட்டேன், ஆனால் ஏதோ தவறிப்போனதாக உறுத்துகிறது. அத்தை அப்பாவிடம் தம்பிக்காகப் பேசும் இடத்தில் இன்டர்சீட் வேறு வருகிறது. இவற்றுக்குள் உண்மையிலேயே வேறுபாடு உண்டா?

க.

அன்புள்ள க.,

உறுத்தியது நல்லது. தவறிப்போனது அத்தையைப் பற்றிய தீர்ப்பு. இன்டர்வீன் என்றால் நடுவே வந்தாள். நிலைமையைச் சரிசெய்ய வந்தாள் என்ற சாயலும் பெரும்பாலும் இருக்கும். இன்டர்ஃபியர் என்றதுமே ‘உனக்கு இங்கே என்ன வேலை?’ என்று யாரோ முகம் சுளிக்கிறார்கள். சுளிப்பது அண்ணனா, தம்பியா, கதைசொல்லியா? அந்த இரண்டு பக்கங்களையும் அந்தக் கேள்வியோடு திரும்பப் படியுங்கள்.

இந்தச் சொற்களுக்கு முன்பாதி ஒன்றுதான். லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே. பின்பாதியில்தான் விஷயம் இருக்கிறது. இன்டர்வீனில் இருப்பது வருதல், இன்டர்போஸில் வைத்தல், இன்டர்ஜெக்டில் எறிதல், இன்டர்ரப்டில் உடைத்தல். இன்டர்ஃபியர் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஒன்றையொன்று அடித்துக்கொள்வது என்று பொருள். ஆங்கிலத்தில் தொடக்கத்தில் அதைக் குதிரைக்குத்தான் சொன்னார்கள். நடக்கும்போது ஒரு காலின் குளம்பு பக்கத்துக் காலில் இடித்துப் புண்ணாக்கும், அதற்குப் பெயர் இன்டர்ஃபியர். மனிதர்களுக்கு வந்த பிறகும் அந்த இடி சொல்லை விட்டுப் போகவில்லை.

நம் ‘தலையிடு’ இரண்டு பக்கமும் சாயும். ‘அரசு உடனே தலையிட வேண்டும்’ என்றால் வேண்டுகோள். ‘அரசியல் தலையீடு’ என்றால் குற்றச்சாட்டு. அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்தே நாம் புரிந்துகொள்கிறோம். அதனால் முதல் இடத்தில் ‘நடுவே வந்து விலக்கிவிட்டாள்’ என்றும், அடுத்ததில் ‘தேவையில்லாமல் தலையிட்டாள்’ என்றும் எழுதலாம். ‘மூக்கை நுழைத்தாள்’ வேண்டாம், அது மெடில் என்ற சொல்லுக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

இதையும் சூத்திரமாக்கிவிடாதீர்கள். 1945இன் ஐ.நா. சாசனம், ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிட ஐ.நா.வுக்கு இந்தச் சாசனம் அதிகாரம் தரவில்லை என்று 2(7)ஆம் உட்பிரிவில் சொல்கிறது. அங்கே இருக்கும் சொல் இன்டர்வீன்தான். நாடுகளுக்கிடையே பேசும்போது அதுவே கடுமையான சொல்.

அப்புறம், ஒரு பொறி. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒருவன் ஒரு குழந்தையை ‘இன்டர்ஃபியர் வித்’ செய்தான் என்று வந்தால், அது பாலியல் கொடுமையைப் பூசி மெழுகிச் சொல்வது. அங்கே ‘தலையிட்டான்’ என்று எழுதினால் ஒரு குற்றமே கதையிலிருந்து மறைந்துவிடும்.

இன்டர்ரப்டுக்கு ஆளோ நோக்கமோ தேவையில்லை. மழை செய்யும், தொலைபேசி மணி செய்யும். கணினியிலும் இது உண்டு: செயலி செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தி, எங்கே விட்டது என்று குறித்துவைத்து, வந்த அழைப்பைக் கவனித்துவிட்டு விட்ட இடத்துக்கே திரும்பும். உடைந்தது திரும்ப ஒட்டலாம் என்பது இதில் அடக்கம். ‘இடைமறித்தான்’, ‘பேச்சை வெட்டினான்’ எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. வேண்டுமென்றே பேச்சைத் திசைதிருப்புகிறவனுக்கு ‘குறுக்குசால் ஓட்டுகிறான்’ என்பதைவிட நல்ல சொல் எனக்குத் தெரிந்து ஆங்கிலத்தில் இல்லை. உழுத சாலின் குறுக்கே இன்னொரு சால். நேர்க்கோடு கலைவது கண்ணுக்கே தெரிகிறது.

இன்டர்சீடுக்கு மூன்று பேர் வேண்டும்: பேசுகிறவர், யாருக்காகப் பேசுகிறாரோ அவர், யாரிடம் பேசுகிறாரோ அவர். மூன்றாமவர் கையில்தான் அதிகாரம். இறங்கிப் போய்க் கேட்பது அதிலேயே இருக்கிறது. அத்தை அப்பாவிடம் போகும் இடத்தில் ‘தம்பிக்காகப் பரிந்து பேசினாள்’ என்று எழுதுங்கள். அங்கே தலையிடு வரவே கூடாது.