ஷ்ரியாவின் பிள்ளை: வாசகர் கேள்வி பதில்

கிருத்திகா உதயநிதி இயக்கி, 2025 பொங்கலுக்கு வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தைப் பற்றி வந்த கடிதங்கள் பலவும் படத்தோடு நிற்காமல் குடும்பம், சட்டம், பிள்ளைப்பேறு என்று விரிந்திருந்ததால், இந்த இதழில் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். படம் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: சென்னையில் கட்டடக் கலைஞராக இருக்கும் ஷ்ரியா (நித்யா மேனன்), தான் நம்பிய காதலன் தனக்குத் துரோகம் செய்வதை அறிந்து விலகுகிறாள். அவனை விட்டாலும் தாயாகும் விருப்பத்தை விடாமல், கொடையாளர் ஒருவரின் விந்தணுவைக் கொண்டு ஐவிஎஃப் என்னும் சோதனைக் குழாய் முறையில் கருத்தரிக்கிறாள். பெங்களூரில் இருக்கும் சித்தார்த் (ரவி மோகன்) பிள்ளையே வேண்டாம் என்பவன். நண்பர்களோடு சென்று விந்தணுவைச் சேமித்து வைத்த அவன்தான் அந்தக் கொடையாளர் என்பது நமக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. இருவரும் சந்திக்கிறார்கள். மற்றதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீதரின் புகழ்பெற்ற படத்தின் பெயரை இதற்கு வைத்திருக்க வேண்டுமா? இரண்டுக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், கும்பகோணம்

கதையில் தொடர்பில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் ஒற்றுமை புலப்படும். 1964-ல் வெளிவந்த ஸ்ரீதரின் படத்தில், பணக்கார பாலையாவின் மகளை மணக்க வேண்டிய ரவிச்சந்திரன், தனக்கு ஒரு பணக்காரத் தந்தை இருப்பதாகக் காட்டுவதற்காக நண்பன் முத்துராமனுக்குக் கிழவர் வேடம் போட்டு அழைத்து வருவார். அந்தப் படத்தின் நகைச்சுவையில் பெரும்பங்கு, இல்லாத ஓர் அப்பாவை உண்டாக்கிக் காட்டும் இந்த நாடகத்திலிருந்துதான் பிறக்கிறது. அறுபது ஆண்டுகள் கழித்து வந்த படத்தில் அப்பா என்ற இடத்தை வெற்றாகவே வைத்துக்கொண்டு ஒரு பெண் வாழத் துணிகிறாள். இயக்குநர் இதை எண்ணித்தான் பெயர் வைத்தாரா என்பது வேறு விஷயம். எனக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே படுகிறது.

வள்ளுவர் ‘வாழ்க்கைத் துணைநலம்’ சொன்ன பிறகுதான் ‘மக்கட்பேறு’ சொன்னார். துணையே இல்லாமல் பிள்ளை பெறுவதைக் கொண்டாடும் படம் நம் பெண்களுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

ஐயா, அதிகார வரிசை நீங்கள் சொல்வதுதான். துணைநலம் ஆறாவது, மக்கட்பேறு ஏழாவது. ஆனால் அந்த ஏழாவது அதிகாரத்தில் வள்ளுவர் எதில் லயிக்கிறார் என்று பாருங்கள். பிள்ளையின் சிறு கை அளாவிய கூழிலும், மெய் தீண்டலிலும், மழலைச் சொல்லிலும் லயிக்கிறார். அதாவது, அன்றாடம் பக்கத்தில் இருந்து வளர்ப்பவருக்குக் கிடைக்கும் இன்பத்தைப் பாடுகிறார். அந்த இன்பத்தை விரும்பியவள்தான் ஷ்ரியா.

அவள் துணை வேண்டாம் என்று ஒதுக்கியவள் அல்லள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காதலித்தாள், நம்பினாள், ஏமாற்றப்பட்டாள். இதற்கு முன் நம் படங்களில் இந்த இடத்துக்கு வந்த பெண்ணுக்கு இரண்டு வழிகளே விடப்பட்டிருந்தன: கண்ணீரோடு தியாகியாவது, அல்லது நல்லவன் ஒருவன் வந்து ‘வாழ்க்கை கொடுப்பது’. திருமணமாகாமல் கருவுற்ற பெண் என்றாலே அவள் ஏமாந்தவளாகவோ தவறியவளாகவோதான் இருக்க வேண்டும் என்பதும், மீதிப் படம் முழுக்க அவள் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பதும் எழுதப்படாத விதியாகவே இருந்தன. ஷ்ரியாவின் பிள்ளை தவறினால் வந்த பிள்ளை அன்று. யோசித்து, மருத்துவமனைக்குத் தானே நடந்து சென்று, கையெழுத்துப் போட்டு, ஊசிகளையும் காத்திருப்பையும் ஏற்றுக்கொண்டு அவள் பெற்ற பிள்ளை. இந்தப் படத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான்: காதல் வந்து அவளைக் காப்பாற்றுவதற்கு முன்பே அவள் முடிவு எடுத்துவிடுகிறாள், அந்த முடிவுக்காகப் படம் அவளை ஒரு காட்சியிலும் தண்டிக்கவில்லை. பெயர்ப் பட்டியலில் நித்யா மேனனின் பெயர் ரவி மோகனின் பெயருக்கு முன்னால் வருவதும் இந்த நியாயத்தின் தொடர்ச்சியே. அதற்கு மனமுவந்து இசைந்த ரவி மோகனைப் பாராட்டத்தான் வேண்டும்.

படம் எதைக் கற்றுக்கொடுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கல்யாணம் வேண்டாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. பிள்ளை வேண்டும் என்பதற்காக மட்டும் தகாதவனைக் கட்டிக்கொண்டு வாழ்நாளெல்லாம் சகிக்க வேண்டியதில்லை என்று சொல்கிறது. சகித்து வாழ்ந்த பெண்கள் நம் எல்லாருடைய குடும்பத்திலும் இருக்கிறார்கள், நீங்களும் அறிவீர்கள்.

திருமணமாகாத பெண் இப்படிக் கருத்தரிக்க நம் நாட்டில் சட்டம் அனுமதிக்கிறதா, அல்லது எல்லாம் சினிமாதானா?
– சட்டக் கல்லூரி மாணவி, கோவை

அனுமதிக்கிறது. 2022 முதல் நடைமுறையில் இருக்கும், செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயதைக் கடந்த, 50 வயதுக்கு உட்பட்ட பெண் தனியாகவே இந்தச் சிகிச்சையை நாடலாம். விந்தணுக் கொடையாளர் 21 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும். எச்ஐவி உள்ளிட்ட நோய்களுக்கான பரிசோதனை செய்யப்பட வேண்டும். ஒருவரின் விந்தணுவை ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வழங்கக் கூடாது. கொடையாளருக்குப் பிறக்கும் பிள்ளையின் மேல் எந்த உரிமையும் கிடையாது. சேமிக்கக் கொடுத்ததை, கொடுத்தவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் பயன்படுத்தவும் முடியாது. ஆதார் எண் வரை பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்வதால், படத்தில் வருவது போன்ற தற்செயல் நிகழ்ச்சிகளுக்கு நடைமுறையில் இடம் குறைவு.

ஆனால் சட்டத்தின் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. அதே ஆண்டின் வாடகைத்தாய்ச் சட்டத்தில், தனியாக வரும் பெண் 35 முதல் 45 வயதுக்குள் இருக்கும் விதவையாகவோ விவாகரத்து ஆனவராகவோ இருந்தால்தான் இடம். திருமணமே ஆகாத பெண்ணுக்கு இல்லை. தனி ஆணுக்கு இரண்டு சட்டங்களிலும் வழி இல்லை. படத்தில் வினய் ராய் நடித்த சேது, தன்பாலின ஈர்ப்பு கொண்டவன். கேலிக்கு ஆளாகாமல், சராசரி நண்பனாக, பிள்ளை ஆசை உள்ள மனிதனாகக் காட்டப்பட்டிருக்கிறான். அவனைப் போன்றவர்களின் உறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-ல் செல்லாததாக்கியது. ஆனால் அவர்களின் திருமணத்தை அங்கீகரிக்க 2023-ல் மறுத்துவிட்டது. ஆகவே சேது தன் விந்தணுவை எத்தனை ஆண்டு சேமித்து வைத்தாலும், இன்றைய சட்டப்படி அதைக் கொண்டு அவன் தந்தையாக முடியாது. நகைச்சுவையாகக் கடந்துபோகும் அந்தக் காட்சிகளுக்குள் இருக்கும் துயரம் இது. படம் அங்கே இன்னும் சற்று நின்றிருக்கலாம்.

விந்தணுக் கொடை என்றால் ‘தாராள பிரபு’ நினைவுக்கு வருகிறது. இது அதன் மறுபதிப்பா?
– வாசகர், சேலம்

இல்லை. ‘தாராள பிரபு’ 2012-ல் வந்த ‘விக்கி டோனர்’ என்ற இந்திப் படத்தின் தமிழாக்கம். 2020 மார்ச்சில் வெளியான சில நாள்களில் கொரோனாவால் திரையரங்குகள் மூடப்பட்டன. விவேக்கின் நல்ல நடிப்பைப் பலர் திரையில் பார்க்க முடியாமல் போனது வருத்தத்துக்குரியது. அது கொடுப்பவனின் கதை, இது பெறுபவளின் கதை. மலையாளத்தில் சிபி மலயில் 1989-லேயே ‘தசரதம்’ படத்தில், மணம் செய்துகொள்ளாமல் வாடகைத்தாய் வழியாகப் பிள்ளை பெற விரும்பும் ஆணாக மோகன்லாலைக் காட்டிவிட்டார். அதற்கு அடுத்த ஆண்டுதான், 1990-ல், தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைச் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் பிறக்கச் செய்தார். அவர் நம் காதல் மன்னன் ஜெமினி கணேசனின் மகள்.

எங்கோ சேமித்தவனின் விந்தணு அவளுக்கே வந்து, அவனையே அவள் சந்தித்து, அவனையே காதலிப்பது நம்பும்படியாகவா இருக்கிறது?
– வாசகி, மதுரை

தற்செயல் இல்லாமல் காதல் நகைச்சுவைப் படம் இல்லை. நம்பகத்தன்மை பற்றி எனக்குக் குறை இல்லை. என் குறை வேறு. இந்தத் தற்செயலை ஏன் இயக்குநர் நாடினார் என்பதே என் கேள்வி. யாருடைய பிள்ளையோ என்ற தயக்கம் பார்வையாளருக்கு வந்துவிடக் கூடாது, சித்தார்த்தும் சிறுவனும் பழகும்போது ‘சொந்த அப்பாதானே’ என்று நாம் நிம்மதியாக ரசிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடாகவே அது எனக்குத் தோன்றுகிறது. ஷ்ரியாவின் துணிவை அத்தனை உறுதியாகக் காட்டிய படம், தந்தை என்று வரும்போது மட்டும் இரத்த உறவின் கையைப் பிடித்துக்கொள்கிறது. அவன் கொடையாளனாக இல்லாமல், யாரோ ஒருவனாக வந்து, அந்தப் பிள்ளையிடம் மனத்தைப் பறிகொடுத்து, அப்பாவாக ஆகியிருந்தால் படத்தின் கருத்து முழுமை பெற்றிருக்கும்.

அப்படிச் செய்தால் தமிழ் ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்ல முடியாது. யாரோ விட்டுச் சென்ற குழந்தையை எம்.ஜி.ஆர். எடுத்து வளர்க்கும் ‘பெற்றால்தான் பிள்ளையா’ 1966-லேயே வந்துவிட்டது. கேள்வியைத் தலைப்பிலேயே வைத்திருந்தது. தத்தெடுத்த மகளையும் அவளைப் பெற்றவளையும் மணிரத்னம் ஒரே திரையில் எதிரெதிரே நிறுத்திய ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002-ல் வந்தது. அந்தப் படங்களோடு அழுத மக்களை இந்தப் படம் இன்னும் சற்று நம்பியிருக்கலாம்.

பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் ஆணைப் படம் இறுதியில் மாற்றித்தானே விடுகிறது? என்னைப் போல் நினைப்பவர்கள் திருந்த வேண்டியவர்களா?
– மென்பொருள் பொறியாளர், ஓசூர்

திருந்த வேண்டியவர் யாரும் இல்லை. மணக்கப்போகும் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது மட்டுமே கட்டாயம். படத்தின் முற்பகுதி இதில் நேர்மையாக இருக்கிறது: சித்தார்த்தின் எண்ணத்தை ஏற்க முடியாமல் விலகும் பெண்ணையும் படம் வில்லியாக்கவில்லை, அவனையும் கல்நெஞ்சனாக்கவில்லை. பிற்பகுதி அவனை ஒரு சிறுவனின் பக்கம் சாய்த்துவிடுகிறது என்பது உண்மையே. மனம் மாறுவது மனித இயல்பு. மாறாமல் இருப்பதும் அப்படியே. இரண்டாவதை நாயகனாக வைத்து ஒரு படம் வந்தால் முதல் நாளே பார்ப்பேன்.

ஷ்ரியாவைப் போலவே கொடையாளர் வழியாகப் பெற்ற என் மகனைத் தனியாக வளர்க்கிறேன். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தந்தை பெயர், தந்தை தொழில், தந்தை வருமானம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றிலும் கோடு போட்டுக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்தவர் படிவத்தை என் பக்கமாகத் திருப்பி, பேனாவையும் அதன் மேல் வைத்து, “ஏதாவது ஒரு பேர் எழுதுங்கம்மா” என்றார். என் மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் என்ன செய்திருக்க வேண்டும்?
– ஒரு தாய், சென்னை

கோடு போட்டீர்கள் அல்லவா, அதுதான் சரி. இல்லாத பெயரை எழுதச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. எழுதியிருந்தால் அந்தப் பொய் உங்கள் மகனின் சான்றிதழ்கள் அனைத்திலும் தொடர்ந்திருக்கும்.

நீதிமன்றங்கள் உங்கள் பக்கம் இருக்கின்றன. தாயும் இயற்கைக் காப்பாளரே, அதாவது பிள்ளைக்குச் சட்டப்படி பொறுப்பானவரே என்று எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-ல் தீர்ப்பளித்தது. 2015-ல் அதே நீதிமன்றம், தனியாகப் பிள்ளை பெற்ற தாய் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் மட்டும் பெற்றுக்கொண்டு வழங்க வேண்டும் என்றது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகள் மாற்றப்பட்டு, பெற்றோரில் ஒருவர் பெயரே போதும் என்றானது. உங்களுடையதை ஒத்த வழக்கே நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது: கொடையாளர் வழியாகத் திருச்சியில் பிள்ளை பெற்ற பெண் ஒருவரின் குழந்தைக்கு, மாநகராட்சி வழங்கிய பிறப்புச் சான்றிதழில் தந்தை என்று ஒரு பெயர் ஏறிவிட்டது. அதை நீக்கி அந்த இடத்தை வெற்றாக விடும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018-ல் உத்தரவிட்டது. இப்படிப்பட்ட தாயிடம் தந்தை விவரம் கேட்பது அவருடைய கண்ணியத்துக்கு எதிரானது என்று கூறி, தனிப் படிவமே உருவாக்கும்படி கேரள உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது.

ஆகவே, பள்ளி முதல்வருக்கு எழுத்து மூலமாக ஒரு கடிதம் கொடுங்கள். நீங்கள் மட்டுமே பெற்றோர், நீங்கள் மட்டுமே காப்பாளர் என்பதைக் குறிப்பிட்டு, மகனின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணையுங்கள்; பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஏற்கெனவே வேறு பெயர் ஏறியிருந்தால், பள்ளிக்குப் போகும் முன் அதைத் திருத்துவது நல்லது. வழக்கறிஞர் தேவைப்பட்டால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச உதவி கிடைக்கும்.