பாட்டிக்கு என்ன வயது?

கேள்வி: காற்று மாசு, காற்று மாசு என்று இதழுக்கு இதழ் எழுதுகிறீர்கள். என் தாத்தா விறகடுப்புப் புகையிலேயே வளர்ந்து 91 வயதுவரை இருந்தார். புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் புகையைக் கண்டால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிவிடுகிறேன். ஆளுக்கு நாலு மரம் நட்டால் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு இவ்வளவு பீதியைக் கிளப்புவது ஏன்?

பதில்: தாத்தாவின் ஆயுளுக்கு முதலில் ஒரு கும்பிடு. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அந்த அடுப்பை ஊதியது தாத்தாவா? உங்கள் கடிதத்தில் பாட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் எத்தனை வயதுவரை இருந்தார், எப்போது இரும ஆரம்பித்தார், கண்ணில் எப்போது புரை விழுந்தது, கைக்குழந்தையாகவே நிமோனியாவில் போன பிள்ளைகள் அந்த வீட்டில் உண்டா என்பதையெல்லாம் எழுதியிருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். விறகு, கரி, வறட்டி எரியும் வீட்டில் புகையைக் குடிப்பது அடுப்படியில் நிற்பவரும் அவர் இடுப்பில் இருக்கும் குழந்தையும்தான். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் அகாலமாக இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைகள். அந்த வீடுகள் சிலவற்றிலும் 91 வயதுத் தாத்தா இருந்திருப்பார். பேரனுக்குக் கதை சொல்லக் கிடைப்பவர் அவர் ஒருவர்தானே.

சரி, நுரையீரலுக்கு வருவோம். மூச்சில் போவது மூச்சுப்பையைத்தானே கெடுக்கும் என்று நீங்கள் மட்டும் நினைக்கவில்லை, பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். வெளிக்காற்று மாசால் 2019இல் இறந்ததாகக் கணிக்கப்படுவோர் 42 லட்சம் பேர். அதில் சுமார் 68 சதவீதம் பேரைக் கொண்டுபோனது இதய நோயும் பக்கவாதமும். நுரையீரல் புற்றுநோய் 4 சதவீதம்தான். மீதிப் பேர் நாள்பட்ட மூச்சடைப்பிலும் நுரையீரல் தொற்றிலும் போனவர்கள்.

இதயத்துக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் துகளின் அளவு செய்கிற வேலை. நமக்குத் தும்மல் வரவைக்கும் தூசி பெரிய தூசி. அதை மூக்கு மயிரும் சளியும் வாசலிலேயே பிடித்துக்கொள்ளும். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழேயும் உள்ள துகள், தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். அது இந்தக் காவலையெல்லாம் தாண்டி நுரையீரலின் கடைசி நுண்ணறைவரை போய் உட்கார்ந்துவிடும். அங்கே காற்றையும் ரத்தத்தையும் பிரிப்பது மிக மெல்லிய ஒரு சவ்வு. இன்னும் பொடியானவை அதையும் கடந்து ரத்தத்திலேயே கலக்கின்றன. ரத்தக் குழாயின் உட்சுவரில் அழற்சி உண்டாகிறது, ரத்தம் சீக்கிரம் உறையப் பார்க்கிறது. அப்புறம் ஒருநாள் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதுவார்கள். அது பொய்யும் இல்லை. அவர் இருபது வருடம் எந்தக் காற்றைச் சுவாசித்தார் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு இது எப்படித் தெரியவந்தது என்றால், ஆட்களை வருடக் கணக்கில் எண்ணித்தான். 1993இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்று அமெரிக்காவின் ஆறு ஊர்களில் 8,000க்கும் மேற்பட்டவர்களை 14 முதல் 16 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. சிகரெட் பழக்கம் போன்றவற்றின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தும், காற்று மிக மோசமான ஊரில் இறப்பு விகிதம் மிகச் சுத்தமான ஊரைவிட 26 சதவீதம் அதிகமாக இருந்தது. தொழில்துறைக்காரர்கள் நம்பவில்லை, தரவைக் காட்டு என்று மல்லுக்கு நின்றார்கள். சம்பந்தமில்லாத வேறொரு குழு எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்து, அதே முடிவுக்கு வந்தது. 2013இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருப்பதும் அந்தப் பிரிவில்தான்.

இனி உங்கள் கைக்குட்டை. துணியின் இழை இடைவெளி அந்தத் துகளுக்கு மாட்டுவண்டி போகிற பாதை. கொசுவலையில் மாவு சலித்தால் எவ்வளவு நிற்கும்? முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கும் என்95 கவசம் என்றால் பயன் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய கோளாறு உங்கள் கடிதத்தின் 'புகையைக் கண்டால்' என்ற சொற்களில் இருக்கிறது. காணாத புகைக்கு என்ன செய்வீர்கள்?

எஞ்சினுக்குள் வெப்பம் ஏறும்போது, எரிபொருளில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், காற்றில் சும்மா கிடக்கும் நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகிறது. நிலக்கரியில் இருக்கும் கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகிறது. தொழுவத்துச் சாணத்திலிருந்தும் வயலில் போட்ட யூரியாவிலிருந்தும் அம்மோனியா கிளம்புகிறது. மூன்றும் வாயுக்கள். கிளம்புகிற இடத்தில் கரும்புகை எதுவும் தெரியாது. மேலே போய்க் கலந்து, வினைபுரிந்து, அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட் என்ற நுண்துகள்களாக மாறுகின்றன. அதற்குள் காற்று அவற்றை ஆலையே இல்லாத ஏதோ ஓர் ஊருக்குக் கொண்டுபோயிருக்கும். லாரியும் மின் நிலையமும் மாட்டுத் தொழுவமும் கூட்டாகச் செய்த சரக்கு அது. 'வாகனப் புகை, ஆலைப் புகை' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பட்டியலில் இந்தக் கூட்டு வியாபாரம் வருவதில்லை. பிரேக்கும் டயரும் தேய்ந்து வரும் துகளும் வருவதில்லை. மின்சார வாகனம் ஓட்டுகிறவருக்கும் இதில் பங்கு உண்டு.

தரையருகே உருவாகும் ஓசோன் வாயு இன்னும் ஏமாற்றுக்காரன். 1943இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒரு மூட்டம் மூடிக் கண்ணை எரித்தபோது, போர்க்காலமாக இருந்ததால், எதிரி விஷவாயுவைப் போட்டுவிட்டான் என்றே சிலர் பயந்தார்கள். வாகனமும் எண்ணெய் ஆலையும் விடும் வாயுக்களை வெயில் சமைத்து ஓசோனாக்குகிறது என்று ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். அந்தப் பாவி வாயு, நெரிசல் மிகுந்த நகர நடுவைவிட, காற்று போய்ச் சேரும் திசையிலுள்ள புறநகரில்தான் பல நாள் அதிகமாக இருக்கும். நீல வானம், பளிச்சென்ற வெயில், நல்ல காற்று என்று நாம் நடக்கப் போகிற இடம்.

பீதி என்றீர்கள். பீதி அடையாத ஊர் ஒன்றைச் சொல்கிறேன். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் காற்று அசையவில்லை. குளிர்ந்த காற்று தரையோடு படுத்திருக்க, வெதுவெதுப்பான காற்று மேலே மூடிபோல உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வீடு கணப்பில் எரிந்த நிலக்கரியின் புகை போக வழியில்லாமல் தெருவிலேயே தங்கியது. கால்நடைக் கண்காட்சிக்கு வந்த மாடுகள் மூச்சுத் திணறிச் செத்தன. ஒரு நாடக அரங்கில் புகை உள்ளே புகுந்து மேடை தெரியாமல் காட்சியை நிறுத்தினார்கள். அப்போதும் மக்கள், 'வழக்கமான பனிமூட்டம்தானே' என்று வேலைக்குப் போனார்கள். சவப்பெட்டிக்கும் மலருக்கும் தட்டுப்பாடு வந்தபோதுதான் ஏதோ நடந்திருக்கிறது என்பது உறைத்தது. சுமார் 4,000 பேர் என்றார்கள் முதலில். அடுத்த சில மாதங்களிலும் சாவு வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது; அது இன்ஃப்ளூயன்சா என்று அரசு சொல்லிவிட்டது. பிற்கால ஆய்வு அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்து, 12,000 வரை இருக்கலாம் என்றது. சுத்தமான காற்றுக்கான சட்டம் வர 1956 ஆனது.

மரத்துக்கு வருகிறேன், அதைத் திட்டி எழுதினால் அடுத்த வாரம் உங்களைப் போல நாற்பது பேர் கடிதம் போடுவார்கள். மரம் நிழல் தரும், சூட்டைத் தணிக்கும், இலையில் கொஞ்சம் தூசி ஒட்டும். மொத்த மாசில் அது சொற்பம். குறுகலான தெருவில் இரண்டு பக்கமும் அடர்ந்த மரம் நின்றால் வண்டிப் புகை மேலே போகாமல் கீழேயே தங்குவதும் உண்டு. யூக்கலிப்டஸ், ஓக், பாப்லர் போன்றவை ஐசோப்ரீன் என்ற ஆவியை விடுகின்றன. அது மேலே சொன்ன ஓசோன் சமையலுக்கு ஒரு சேர்மானம். எரிப்பவன் எரித்துக்கொண்டே இருக்க, மரம் வந்து துடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மரத்துக்கும் அநியாயம்.

எரிப்பதையே நிறுத்தினால் என்ன ஆகும்? அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் 1990 செப்டம்பர் 1 முதல் புகை கக்கும் நிலக்கரியை விற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். விற்பதற்குத்தான் தடை, யார் வீட்டு அடுப்பையும் எட்டிப் பார்க்கவில்லை. கடையில் அந்தக் கரி கிடைக்கவில்லை, ஆகவே எரியவில்லை. காற்றில் கரும்புகை சுமார் 70 சதவீதம் குறைந்தது. சுவாச நோயால் சாகிறவர்கள் எண்ணிக்கையும் குறைந்தது.

நீங்கள் தாராளமாக நாலு மரம் நடுங்கள், உட்கார நிழல் கிடைக்கும். பாட்டியைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் யாரையாவது கேட்டு எழுதினால், அடுத்த இதழில் போடுகிறேன்.