5 வயதுக் குழந்தைக்கு முதல் ஆஃப்ரோடு வண்டி: 70 சிசி குவாட் எடுக்கலாமா, டர்ட் பைக் எடுக்கலாமா?

நீங்கள் தந்திருக்கும் விவரம்: டெக்சாஸில் இருக்கிறீர்கள், மகளுக்கு 5 வயது, எடை 18 கிலோ, கவட்டிலிருந்து தரைவரை 47 செ.மீ. "நாலு சக்கரம் இருந்தால் விழாது, அதனால் 70 சிசி குவாட் எடுக்கலாமா?" என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். குவாட் என்பது மண்பாதையில் ஓட்டும் நாலு சக்கர மோட்டார் வண்டி. அது நிற்கும்போது விழாது, அவ்வளவுதான். அதன் பின் அச்சு பெரும்பாலும் ஒரே தண்டு. காரில் இருப்பதுபோல இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் ஓட்டுபவர் தன் உடல் எடையை நகர்த்தித்தான் வண்டியைத் திருப்ப முடியும். பெரியவர்களுக்கு அது பழகிவிடும். ஏறக்குறைய 100 கிலோ வண்டியின் மேல் 18 கிலோ குழந்தை எப்படிச் சாய்ந்தாலும் வண்டிக்குத் தெரியப்போவதில்லை. கவிழ்ந்தால் அந்த 100 கிலோவும் மேலேயே விழும். மண்பாதைக்கான இரு சக்கர வண்டியான டர்ட் பைக் பெரும்பாலும் பக்கவாட்டில் சாயும், குழந்தை ஒரு பக்கம் விழுந்து எழுந்துவிடும். அமெரிக்கத் தரவிதியில் குவாட்டின் மிகச் சிறிய வகையே 6 வயதிலிருந்துதான் தொடங்குகிறது; 5 வயதுக்கு ஒரு வகையும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமோ 16 வயதுக்குள் குவாட்டே கூடாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது.

இரண்டு சக்கரம் என்று முடிவானால், சைடு வீல் இல்லாத சைக்கிளை மகள் ஓட்டுவாளா என்று பாருங்கள். ஓட்டத் தெரியாவிட்டால் இப்போது எந்த எஞ்சினும் வேண்டாம். பெடல் இல்லாமல் காலால் உந்தும் பேலன்ஸ் பைக்கை முதலில் கொடுங்கள். சில பெற்றோர் டர்ட் பைக்கிலேயே சைடு வீல் மாட்டுகிறார்கள். அதில் வண்டி சாயாது என்பதால், சாய்ந்து திரும்பும் பழக்கமே வராது. மேடுபள்ளத்தில் அந்தச் சக்கரம் மாட்டிக்கொண்டால் வண்டி எதிர்ப்பக்கம் தூக்கி எறியும்.

அடுத்தது அளவு. பள்ளிச் சீருடை எடுப்பதுபோல "வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாகவே எடுப்போம்" என்று இதில் போகக் கூடாது. முதல் வண்டியில் இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். குறைந்தது பாதத்தின் முன்பகுதி முழுவதுமாவது படிய வேண்டும். விரல் நுனி மட்டும் எட்டினால், வண்டி நிற்கிற ஒவ்வொரு முறையும் சாயும். நான்கு முறை சாய்ந்தபின் குழந்தை "எனக்கு வேண்டாம்" என்று இறங்கிவிடும். பூட்ஸ் இரண்டு, இரண்டரை செ.மீ. கூட்டும். ஆக, உங்கள் மகளுக்கு 49 செ.மீ. வரை இருக்கை உயரம் சரி.

இந்தக் கணக்கில் வடிகட்டினால் மிஞ்சுபவை சில. ஸ்டாசிக் 16 மின் பைக்கின் இருக்கை சுமார் 43 செ.மீ.; ஆள் எடை 34 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மோட்டாரை அணைத்துவிட்டு வெறும் பேலன்ஸ் பைக்காகவும் ஓட்டலாம். மூன்று வேக நிலைகள் உண்டு. கீழ்நிலையில் மணிக்கு 5 மைல்தான். நீங்கள் கத்தினால் அவளுக்குக் கேட்கும், இது பெரிய லாபம். ஆனால் சத்தமில்லாததால் ஆக்சிலரேட்டர் திறந்திருப்பதும் அவளுக்குக் கேட்காது. கீழே விழுந்ததும் சுவிட்சை அணைக்கப் பழக்குங்கள்.

பெட்ரோல் வண்டிதான் வேண்டுமென்றால் யமஹா பிடபிள்யூ50. 49 சிசி டூ-ஸ்ட்ரோக், இருக்கை சுமார் 48 செ.மீ., எடை 41 கிலோ. கியர் கிடையாது, செயினுக்குப் பதில் மூடிய சுழல்தண்டு (ஷாஃப்ட்), அதனால் விரல் மாட்டும் பயம் இல்லை. ஓட்டுபவர் எடை வரம்பு 25 கிலோ என்பதால் இரண்டு, இரண்டரை வருடம் ஓடும். 1980களின் தொடக்கத்திலிருந்து வடிவம் பெரிதாக மாறவே இல்லை; உதிரிபாகம் எளிதில் கிடைக்கும், விற்கும்போதும் நல்ல விலை போகும்.

ஹோண்டா சிஆர்எஃப்50எஃப்பைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். நல்ல வண்டிதான். ஃபோர் ஸ்ட்ரோக், மூன்று கியர், கிளட்ச் லீவர் இல்லை. ஆனால் இருக்கை 55 செ.மீ., எடை 50 கிலோ. உங்கள் மகளுக்கு அது அடுத்த வண்டி. கேடிஎம் 50 எஸ்எக்ஸ் பந்தய வண்டி, அதன் பக்கமே போகாதீர்கள்.

சிசியைவிட பிரேக்கை அதிகம் கவனியுங்கள். பிடபிள்யூ50-இல் இரண்டு பிரேக்கும் கையில்: வலது முன்சக்கரம், இடது பின்சக்கரம். மகளின் சைக்கிள் பெடலைப் பின்னால் மிதித்து நிறுத்தும் வகையாக இருந்தால், அவசரத்தில் அவள் காலைத்தான் பின்னால் தள்ளுவாள், வண்டி நிற்காது. பைக் வாங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே கைப்பிரேக் உள்ள சைக்கிளுக்கு மாற்றுங்கள். கடையில் அவளை உட்காரவைத்து முன்பிரேக்கைப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் பின்னாலிருந்து தள்ளிப் பாருங்கள். முன்சக்கரம் உருண்டால் கேபிளை முறுக்க வேண்டும், அல்லது லீவர் அவள் விரலுக்கு எட்டவில்லை.

ஆக்சிலரேட்டரில் வரும் வழக்கமான விபத்து இது: வண்டி குதித்ததும் குழந்தை பின்னால் சாயும், கை நீளும், மணிக்கட்டு தானாக மடங்கி இன்னும் திறக்கும், பயத்தில் பிடி இறுகும், வண்டி வேலியில் போய்த்தான் நிற்கும். அதற்குத்தான் ஆக்சிலரேட்டர் கூட்டில் ஒரு வரம்புத் திருகு வைத்திருக்கிறார்கள். முதல் மாதம் நடைவேகத்துக்குச் சற்று மேல் போகாத அளவுக்கு அதை முறுக்கிவையுங்கள். சைலன்சர் குழாயில் வேகத்தை மட்டுப்படுத்த இருக்கும் தடுப்பு வாஷரையும் கழற்றாதீர்கள். கூடவே, கயிறு இழுத்தால் எஞ்சின் அணையும் கில் சுவிட்ச் ஒன்று பொருத்திவிடுங்கள்.

பழைய பிடபிள்யூ50 வாங்குவதில் ஒரு பொறி உண்டு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் போய்ச் சேர வேண்டும்; இதில் அந்த ஆயிலுக்குத் தனித் தொட்டியும் பம்பும் இருக்கும். சிலர் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டியிருப்பார்கள். அது தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் சற்று நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். விற்பவரிடம் கேட்பதோடு விடாமல் ஆயில் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்ணால் பாருங்கள். பிறகு வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். பின்சக்கரம் வேகமாகச் சுற்றி, பிரேக் பிடித்ததும் எஞ்சின் திணறினால் ஐடில் கூடுதலாக இருக்கிறது, அல்லது கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அந்த வண்டி ஆக்சிலரேட்டரைத் தொடாமலே கிளம்பிவிடும். கயிறு இழுத்துக் கிளப்பும் பெயர் தெரியாத மலிவு 49 சிசி வண்டிகளில் இதே கிளட்ச்தான் முதலில் போகும், உதிரிபாகமும் கிடைக்காது. மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளையான பைலட் ஜெட் அடைத்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும், அதை வைத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வண்டிக்கு வைத்த பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே கவசத்துக்கு ஒதுக்குங்கள். முகம் மூடும் மோட்டோகிராஸ் ஹெல்மெட் சிறுவர் அளவில், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டிஓடி முத்திரையோடு, முடிந்தவரை எடை குறைவாக வேண்டும். கனமான ஹெல்மெட்டை அந்தக் கழுத்து தாங்காது. கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை, முழங்கால்-முழங்கைக் கவசம், கணுக்கால் மூடும் பூட்ஸ் எல்லாம் வேண்டும். சைக்கிள் ஹெல்மெட் போதாது.

முதல் நாள் சமமான புல்வெளியில் எஞ்சினை அணைத்துவைத்து, நீங்கள் தள்ள அவள் பிரேக் பிடிக்கட்டும், இருபது முறை. அதன்பிறகுதான் எஞ்சின். சற்றே ஏறும் சரிவைப் பார்த்து நிறுத்தி, பின்மட்கார்டைப் பிடித்தபடி கூடவே ஓடுங்கள். அவள் ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி தானாக நிற்கும். இருபது நிமிடத்துக்குமேல் வேண்டாம், கை சோர்ந்தபின்தான் விழுவார்கள். மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளையின் டர்ட் பைக் பயிற்சி 6 வயதிலிருந்து உண்டு, அடுத்த பிறந்தநாளுக்குப் பதிவு செய்யலாம். சொந்த நிலத்தைவிட்டுப் பொது ஆஃப்ரோடு இடத்துக்குப் போகும்போது டெக்சாஸ் பூங்கா வனவிலங்குத் துறையின் ஸ்டிக்கர் வண்டியில் இருக்க வேண்டும்.